குலசிங்கம் மாஸ்டரும் பின்வளவுப் பூட்டும்

குலசிங்கம் மாஸ்டர் காலமான செய்தியை எனக்கு முதலில் தந்தவர், அவரை வெள்ளவத்தையில் தலைநிமிர்ந்து நடக்கவிடாமல் செய்த மனிதர். நானும் மாஸ்டரும் ஒரு காலத்தில் படிப்பித்த தனியார் கல்வி நிலையத்தின் ஆசிரியர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் அங்கிருந்து விலகி வருடங்களாகியும் என்னை அதிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். நானும் வெளியேறவில்லை. நமக்கு ஆகாதவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. அன்று காலை நிலையத்தின் உரிமையாளர் அந்தக் குழுவில் மாஸ்டரின் படத்தைப் போட்டு, 'எமது நிலையத்தின் தூண் சரிந்தது' என்று எழுதியிருந்தார். அந்தப் படம் எடுத்தபோது மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என்னை வெட்டிவிட்டிருந்தார். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுக்கு நடுவிலேயே, சனிக்கிழமை பௌதிகவியல் வகுப்பின் நேரம் மாறியிருப்பதையும் அவர் அறிவித்திருந்தார்.

அப்போது நான் காலி வீதி பஸ்ஸில், கொள்ளுப்பிட்டிக்கு அருகில் இருந்தேன். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "பஹினவத, அய்யே?" என்று, இறங்கப்போகிறேனா எனச் சிங்களத்தில் கொண்டக்டர் கேட்டான். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினேன். அடுத்த பஸ்ஸில் மாஸ்டரின் வீடு இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழியெல்லாம் எனக்குக் கவலையைவிடக் கோபமே அதிகமாக இருந்தது. மாஸ்டரின் இந்த நினைவு மலரில் எழுதும் மற்றவர்கள் கவலையை எழுதியிருப்பார்கள். ஆகவே மீதியை நான் எழுதுகிறேன்.

மாஸ்டர் உயர்தர மாணவர்களுக்கு விலங்கியல் படிப்பித்தார், நான் இரசாயனம். விலங்கியலில் எல்லோரும் விரும்பிப் படிப்பிப்பது இதயத்தையும் மூளையையும்தான். கழிவகற்றல் பாடம் வந்தால், ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் வகுப்பில் பல ஆசிரியர்கள் "இதை வீட்டில வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மாஸ்டருக்கோ அதுதான் முடிசூடிய பாடம். "சாப்பிடுறதைப் பற்றி ஆரும் கதைப்பினம். ஒரு உயிர் எதை வெளியில விடுது, எப்பிடி விடுது எண்டு பார்த்தால்தான் அது எங்க வாழுது, என்ன பாடு படுது எண்டு விளங்கும்" என்பார். தண்ணீருக்கு நடுவில் வாழும் மீன் அமோனியாவைச் செவுள்களாகிய பூக்களால் அப்படியே தண்ணீரில் விட்டுவிடும், அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. பறவை பறக்கவேண்டும், பாரம் சுமக்க முடியாது, அதனால் அதற்குச் சிறுநீர்ப்பையே இல்லை. யூரிக்கமிலமாக வெள்ளைப் பசையாய்த்தான் போடும். இதை அவர் படிப்பித்த ஒரு நாள், நிலையத்தின் வாசல் மின்கம்பியில் இருந்த காகமொன்று சரியாக உரிமையாளரின் புதுக் காரின் கண்ணாடியில் போட்டது. மாஸ்டர் வகுப்பு முழுவதையும் யன்னலுக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளையாத் தெரியிறது என்ன?"

"யூரிக்கமிலம் சேர்!"

"நடுவில கறுப்பு?"

"மலம் சேர்!"

"ரெண்டும் ஒரே வாசலால வருது. இவ்வளவு சிக்கனமான பிராணியைக் கல்லெறிஞ்சு கலைக்கிறம். கார்க்காரருக்கு ஆரும் போய்ச் சொல்லுங்கோ, இது அவமானம் இல்லை, பரிணாமம்."

உரிமையாளர் கீழே நின்று அந்தச் சிரிப்பை அண்ணாந்து பார்த்தார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அந்த ஒரு குணத்தில் மட்டும் அவரும் நானும் ஒன்று.

இனி எல்லாவற்றுக்கும் காரணமாகிய அந்த வகுப்பு. மனிதச் சிறுநீரகத்தைப் படிப்பித்து முடித்த மாஸ்டர், வர்ணச் சோக்குகளால் பலகையில் வரிசையாகப் பட்டை போட்டார். வெளிறிய வைக்கோல் நிறத்தில் தொடங்கி, மஞ்சள், கடும் மஞ்சள் என்று போய், கடைசியில் மண்ணிறம். உடம்பில் தண்ணீர் போதாவிட்டால் சிறுநீரகம் எப்படி ஒவ்வொரு துளியாகத் திருப்பி உறிஞ்சுகிறது, அப்போது நிறம் எப்படி இறுகுகிறது என்று விளக்கினார். பிறகு, "சும்மா யோசிச்சுப் பாருங்கோ, உங்கட நிறம் இதில எது?" என்று பொதுவாகக் கேட்டார். பையன்கள் சிரித்துக்கொண்டு முதல் இரண்டு பட்டைகளைக் காட்டினார்கள். பெண்பிள்ளைகளின் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மாளிகாவத்தையிலிருந்து வரும் ரிஸ்னா என்ற பிள்ளை மட்டும் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "சேர், எங்கட எல்லாத்துக்கும் அந்தக் கடசிக் கலர்தான்."

"எல்லாத்துக்குமெண்டால்?"

"பிளேன்டீ மாதிரி, சேர். நாங்க காலம்பொற இருந்தே தண்ணி குடிக்கிறல்ல."

மற்றப் பிள்ளைகள் அவளைக் கிள்ளினார்கள். ஆனால் ஒருத்தியும் மறுக்கவில்லை.

பக்கத்து அறையில் வகுப்பு முடித்துவிட்டு வந்த என்னிடம் மாஸ்டர் சோக்குத் தூசி படிந்த கைகளோடு வந்தார். "ஐசே, நான் இவ்வளவு காலமும் சிறுநீரகத்தைப் பலகையில கீறினனான். முன்னால இருக்கிற சிறுநீரகங்களைப் பார்க்கேல்ல" என்றார். இருவரும் பின்வளவுக்குப் போனோம். பெண்பிள்ளைகளின் மலசலகூடம் ஒன்றுதான். அதன் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு. சாவி முன் அலுவலகத்தில், பணம் வாங்கும் இளைஞனின் மேசையில். பையன்கள் கூடி நிற்கும் அந்த இடத்தில் போய், இன்னதற்கு என்று வாய்விட்டுச் சொல்லித்தான் சாவி வாங்கவேண்டும். அவனும் "என்னத்துக்கு?" என்று தெரியாதவன்போல் இன்னொருமுறை கேட்பானாம். பையன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; ஒழுங்கையால் இறங்கி ரயில் பாதைப் பக்கம் போய்விட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து பொழுதுபட்ட பிறகு வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மூத்த வகுப்புக்காரிகள் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார்களாம், எந்த வாங்கு ஆடும், எந்த மின்விசிறி சுற்றாது என்று சொல்லிக் கொடுப்பதுபோல.

மாஸ்டர் உரிமையாளரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"திறந்து விட்டால் அடைச்சுப் போகுது, மாஸ்டர். பக்கத்து வீட்டுக்காரர் கத்துகினம். உங்கட வேலை படிப்பிக்கிறது. பில்டிங் என்ர வேலை."

"பில்டிங் உம்மடதுதான். சிறுநீர்ப்பை அவையளின்ர."

"இதென்ன கதை மாஸ்டர், வயசு போன நேரத்தில..."

"வயசு போனபடியால்தான் அடக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியும். உமக்கும் ஒருநாள் தெரியும்."

பூட்டு அப்படியே இருந்தது. பரீட்சை நெருங்கியது. ஒரு கிழமை ரிஸ்னா வகுப்புக்கு வரவில்லை. சிறுநீரகத்தில் தொற்று, கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய சிநேகிதி வந்து சொன்னாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நேரே என் வகுப்பறைக்குள் வந்தார். செய்முறைக்காக நான் வைத்திருந்த இரும்புத் தாங்கியைத் தூக்கினார். அடித்தட்டுக் கனமானது. நான் எதற்கென்று கேட்கவில்லை. பின்வளவில் போய் அந்தக் கதவின் கொண்டியில் ஓங்கி அடித்தார். பூட்டு உடையவில்லை, கொண்டிதான் ஆணியோடு பெயர்ந்து, பூட்டையும் தூக்கிக்கொண்டு விழுந்தது. மாஸ்டர் மூச்சு வாங்கியபடி வகுப்புக்குத் திரும்பி, "பிள்ளையள், கதவு திறந்திருக்கு. போறவை போங்கோ. பாடம் ஓடிப்போகாது" என்றார். முதலில் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு ஒருத்தி எழுந்தாள். பிறகு வாங்கு வாங்காக எழுந்தார்கள். அந்த வரிசை படியடிவரை நின்றது. பையன்களில் ஒருவன் விசிலடித்தான். மாஸ்டர் அவனை எழுப்பி, பறவைக்கு ஏன் சிறுநீர்ப்பை இல்லை என்று வகுப்பு முடியும்வரை நின்றபடி விளக்கச் சொன்னார்.

விழுந்த பூட்டை நான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆசிரியர்களை உரிமையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இப்போது நான் எழுதப்போவதை அந்த அறையில் இருந்தவர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். உங்களில் பலர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்; சிலர் இதில் எழுதியும் இருக்கிறீர்கள். பூட்டைப் பற்றி உரிமையாளர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பேரன்ட்ஸிட்ட இருந்து கம்ப்ளெய்ன் வந்திருக்கு. குலசிங்கம் மாஸ்டர் பொம்பிளைப் பிள்ளையளிட்ட மூத்திரத்தின்ர நிறம் கேக்கிறாராம்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அதைச் சொல்லத் தனக்கே கூசுவதுபோல.

"எந்தப் பேரன்ட்?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பேர் சொல்ல ஏலாது."

"என்ர பேரைச் சொல்லலாம், அவையின்ர பேரைச் சொல்ல ஏலாது?"

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அது பாடத்தில் உள்ள கேள்வி என்றும், பலகையில் கீறிப் படிப்பித்ததென்றும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இந்த மலரில் 'மாஸ்டர் எனக்குத் தந்தைபோல' என்று எழுதியிருக்கும் பௌதிகவியல் ஆசிரியர் அன்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தந்தையை அப்படித்தான் காப்பாற்றினார். 'அவரது இடத்தை நிரப்ப யாருமில்லை' என்று எழுதியிருப்பவர், அந்த இடத்தை அடுத்த திங்கட்கிழமையே நிரப்பியவர். நான் அது பொய் என்று சொன்னேன், மாஸ்டரோடு வெளியேறினேன். இதில் பெருமை பேச எனக்கு ஒன்றுமில்லை. அங்கே என்னையும் ஒருவருக்கும் பிடித்திருக்கவில்லை. ரிஸ்னாவின் தாய் அந்தக் கதையை முன்னமே கேள்விப்பட்டு, மாஸ்டர் மேல் ஒரு பிழையும் இல்லையென்று சொல்ல அன்றே மாளிகாவத்தையிலிருந்து வந்தார். கூட்டம் முடிந்துவிட்டதென்று சொல்லி அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கூட்டம் அப்போது முடிந்திருக்கவில்லை. நாங்கள் வெளியேறும்போது அவர் தெரு முனையில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

வெள்ளவத்தை சின்ன இடம். காலி வீதியின் ஒரு முனையில் சொன்னால் மறுமுனையில் காது வைத்துக் கேட்பார்கள். மூத்திரத்தின் நிறம் கேட்ட வாத்தியார் என்ற பெயர் மாஸ்டருக்கு முன்னால் நடந்தது. வேறெந்த நிலையமும் அவரை எடுக்கவில்லை. சந்தையில் பழைய மாணவிகளின் தாய்மார் முகத்தைத் திருப்பினார்கள். புவனம் அக்கா, அவருடைய மனைவி, கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் வெள்ளவத்தை வீட்டை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். முன் அறையில் நாலைந்து பிள்ளைகளுக்கு மாஸ்டர் படிப்பித்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது ஒரு தண்ணீர்க் குடமும், அதற்கு நேரே எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவும்.

அவரோடு நான் ஒருமுறைதான் சண்டை பிடித்தேன். ஒரு கலியாண வீட்டில் உரிமையாளரைக் கண்டு, மாஸ்டரே முதலில் போய்ச் சுகம் விசாரித்திருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"அவனோட உங்களுக்கு என்ன கதை மாஸ்டர்?"

"சலரோகம், இரத்தத்தில சீனி கூடிப்போச்சு எண்டு கேள்விப்பட்டன். சிறுநீரகத்தைக் கவனமாப் பாருமெண்டு சொன்னனான்."

"உங்களுக்கு ரோசமே இல்லையோ?"

"ஐசே, நான் விலங்கு. அண்டண்டைக்கு வெளியில விட்டிடுவன். விடாட்டி எனக்குத்தான் நஞ்சு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் மரம். மரத்துக்குச் சிறுநீரகம் இல்லை. கழிவில கொஞ்சத்தை இலையோட உதிர்க்கும், மிச்சத்தைக் கொண்டுபோய் நடுக்கட்டையில அடைக்கும். அது கறுத்து இறுகிப்போய் உள்ளுக்கயே கிடக்கும்."

"மரந்தான் மாஸ்டர் கனகாலம் நிக்கும்."

"நிக்கும். பக்கத்தில ஆரும் நிக்க மாட்டினம்" என்று சொல்லிச் சிரித்தார். புவனம் அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் கத்தாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அக்காவும் மரந்தான் என்பதை மாஸ்டர் கவனிக்கவில்லை.

செத்தவீட்டில் சிலர் என்னிடம் ஆவலோடு விசாரித்தார்கள்: "என்ன, கிட்னியோ?" சிறுநீரகம் படிப்பித்தவர் சிறுநீரகத்தால் செத்திருந்தால் அவர்களுக்குக் கதை ருசித்திருக்கும். இல்லை. இதயம். சிறுநீரகங்கள் கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ரிஸ்னா வந்திருந்தாள். கையில் ஒரு குழந்தை. மாஸ்டரின் காலடியில் நின்று, "சேர் கேக்காட்டி நான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லியே இரிக்க மாட்டன்" என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா அவளுடைய கையை நெடுநேரம் விடவில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் உரிமையாளர் பழக்கூடையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். நான் அங்கிருப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைக் காணாததுபோல் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, மேல் மாடியில புது மண்டபம் கட்டி முடிஞ்சுது. மாஸ்டரின்ர பேரை வைக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம். முப்பத்தொண்டாம் நாள் அண்டைக்கு நினைவுக்கூட்டத்தையும் அங்கயே வைப்பம். நீங்கள்தான் வந்து பலகையைத் திறக்கவேணும்."

அக்கா கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை நாறடித்தவரே அதைச் சுவரில் மாட்டி, தன் கட்டடத்துக்கு மணம் சேர்க்கப் பார்க்கிறார். அக்கா 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் கழுவப்பட்டுப் போய்விடும். மாஸ்டர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அதுதான் எனக்குப் பயம்.

"தம்பி, அந்தக் கட்டடத்தில பொம்பிளைப் பிள்ளையளுக்கு இப்ப எத்தினை ரொயிலற்?"

"அது... இருக்குது அக்கா."

"பூட்டியோ, திறந்தோ?"

"இந்த நேரத்தில அந்தக் கதை ஏன் அக்கா?"

"அந்தக் கதையாலதானே தம்பி நாங்கள் இஞ்ச வந்தனாங்கள். மண்டபம் வேண்டாம். பின்வளவில பிள்ளையளுக்கு வடிவா ரொயிலற் கட்டும். பூட்டுப் போடாதையும். ஒவ்வொரு கதவிலயும் இவற்ற பேரைப் பெரிசா எழுதும். அப்ப கூப்பிடும், நானே வந்து திறந்து வைக்கிறன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "பகிடி விடுறியள் அக்கா."

"பகிடி இல்லை. அவர் தன்ர பேரை அதுக்குத்தான் குடுத்தவர். அங்கயே இருக்கட்டும்."

அவர் எழுந்தார். பழக்கூடையை அக்கா அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டேன். அதைவிடச் சிறப்பாக எனக்கு ஒன்றும் சொல்ல வராது.

ஆகவே அந்த மண்டபத்தில் மாஸ்டரின் பெயர் இல்லை. அக்கா கேட்ட மலசலகூடங்களும் இன்னும் கட்டப்படவில்லை. பழைய கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்குவதாக அங்கே படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். நினைவுக்கூட்டம் கொட்டாஞ்சேனையில்தான் நடக்கிறது. உரிமையாளரின் அனுதாபச் செய்தி படத்தோடு இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று அச்சுக்குப் போகுமுன் அக்காவிடம் கேட்டேன். "இருக்கட்டும். அதையும் வாசிச்சிட்டு உம்மடதையும் வாசிக்கட்டும்" என்றார். அதனால்தான் அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பினால் தெரியும். மலர்க் குழுவினர் என் கட்டுரையைக் கொஞ்சம் மென்மையாக்கித் தரமுடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அக்காவும் முடியாது என்றார்.

மாஸ்டர் தனக்கு நடந்ததையெல்லாம் வெளியே விட்டுவிட்டு இலேசாகப் போய்விட்டார். அவர் விட்டதை யாராவது வைத்திருக்கவேண்டும். நான் வைத்திருக்கிறேன். அந்தப் பித்தளைப் பூட்டு, பெயர்ந்த கொண்டியோடு, பூட்டியபடியே என் மேசையில் இருக்கிறது. அதன் சாவி இன்னும் அந்த முன் அலுவலகத்தில் எங்காவது கிடக்கும். உரிமையாளருக்குத் தன் பூட்டு வேண்டுமென்றால் தாராளமாக வரலாம். ஆனால் நாலு பேர் நிற்கும்போது வந்து, இன்னதற்கு என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்கவேண்டும். நான் காது கேளாதவன்போல், "என்னத்துக்கு?" என்று இன்னொருமுறை கேட்பேன்.